முப்பத்தோராம் நாள் மூடிய கோப்பு

அண்ணன் கிளம்பியபோது மணி ஏழே கால். தோளில் கருவிப் பை, கையில் சாப்பாட்டு டப்பா, வாயில் பாதி கடித்த ரொட்டி. பக்கத்து நகரத்து மருத்துவமனையில் லிஃப்ட் ஒன்று மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்றுவிட்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தலைபோகிற காரியம். அவர் மனைவிக்கு அப்படித் தெரியவில்லை.

“ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் நீங்கதான் தத்தெடுத்திருக்கீங்களா? வேற ஆளே இல்லையா?” என்றாள் அண்ணி. அவள் கையில் அவளுடைய ஜெராக்ஸ் கடையின் சாவிக்கொத்து.

“நான் போகலைன்னா நோயாளியைப் படிக்கட்டுல தூக்கிட்டுப் போவாங்க. பாவம் இல்லையா?”

“முதுகு வலிக்குது, தைலம் தேய்ச்சு விடுன்னு சாயங்காலம் என்கிட்ட வராதீங்க. அவ்வளவுதான்.”

மாடியில் குடியிருந்த தங்கை ஈரத் தலையோடு படியில் எட்டிப் பார்த்து, “என் குடையை எடுத்துட்டுப் போயிடாதே,” என்றாள்.

“உன் குடைக்குள்ள என் மூக்குகூட நனையாம இருக்காது, போடி கட்டெறும்பு!” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் தெருவில் இறங்கினார்.

அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். ஆள் சின்னவள், கடித்தால் விடமாட்டாள் என்பதால் ஆறு வயதில் வந்த பெயர். நாற்பத்தோரு வயதில் வீடு, தெரு, அலுவலகம் எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாததற்கு யாராவது காரணம் கேட்டால், “எறும்புக்கு யார் பொண்ணு பார்க்க வருவா?” என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஏழு ஐம்பதுக்கு ரயில் நிலையத்தின் பயணச்சீட்டு வரிசையில் குண்டு வெடித்தது. ஆணிகள் நிரப்பிய குண்டு. வரிசையில் அண்ணனுக்கு முன்னால் நின்ற ஆறு பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அண்ணனுக்கு இடுப்பிலும் தொடையிலும் பதினான்கு ஆணிகள். கருவிப் பை நெஞ்சை மறைத்திருந்ததால் பிழைத்தார் என்றார் மருத்துவர். மொத்தம் பத்தொன்பது பேர் இறந்தார்கள், அறுபத்து நான்கு பேருக்குக் காயம்.

இந்த இரண்டு எண்களும் மூன்றாம் நாள் கட்டெறும்பின் மேசைக்கே வந்து சேர்ந்தன. அவள் பார்த்த வேலை அப்படி. மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில், பதினொரு வருடமாக அவள்தான் இருந்தாள். மாவட்டத்தில் எங்கே குண்டு வெடித்தாலும், எவன் கூட்டத்துக்குள் புகுந்து சுட்டாலும், அது நான்கு பக்கப் படிவமாகி அவளிடம் வரும். ஆறாம் கட்டத்தில் இறந்தோர், ஏழாம் கட்டத்தில் காயமடைந்தோர். படிவம் முப்பது நாள் சிவப்பு உறையில் திறந்திருக்கும். அதற்குள் காயம்பட்டவர் யாராவது இறந்தால் ஏழிலிருந்து ஒன்றைக் கழித்து ஆறில் கூட்டுவாள். முப்பத்தோராம் நாள் காலையில் நீல உறைக்கு மாற்றி, முத்திரை குத்தி, பதிவறைக்கு அனுப்பிவிடுவாள். அதன் பிறகு கடவுளே வந்து கேட்டாலும் எண் மாறாது.

“வேற யாராவது இந்தப் படிவத்தைப் பார்க்கட்டும்மா,” என்றார் அதிகாரி. மனிதர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அதுவரை எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்பதே அவர் வாழ்க்கை லட்சியம்.

“வேண்டாம் சார். எங்க அண்ணன் பேரை யாராவது தப்பா அடிச்சு வைப்பாங்க. நானே பார்த்துக்கிறேன்.”

முப்பது நாளும் அண்ணி ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தாள். கடைக்குப் பூட்டு. அண்ணனுக்கு மூன்று அறுவை சிகிச்சை நடந்தது. ஒருநாள் ஜுரம் ஏறும், மறுநாள் இறங்கும். இருபதாம் நாள் எழுந்து உட்கார்ந்து, “இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடும்போது ஒரு சத்தம் வருது, கேட்டீங்களா? இவங்களும் என்னை விடமாட்டாங்க போலிருக்கு,” என்று நர்சிடம் வம்பு பேசினார்.

முப்பத்தோராம் நாள் காலையில் கட்டெறும்பு அண்ணனின் பெயரை ஏழாம் கட்டத்தில் இறுதியாக உறுதிசெய்து, உறையை மாற்றி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள். பிறகு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு பேச்சுவழக்கு உண்டு. காயம்பட்டவர் முப்பது நாளைக் கடந்துவிட்டால் ‘கரையேறிட்டார்’ என்பார்கள். பதிவறைக்காரர் தமக்குச் சளி பிடித்தால்கூட, “இன்னும் முப்பது நாளாகல, கரையேறுவேனான்னு தெரியல,” என்பார். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, முப்பது என்பது என்றோ ஒரு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்த எண் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. உடம்புக்கே அப்படி ஒரு கணக்கு இருப்பதாக நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

“கரையேறியாச்சு அண்ணி!” என்றாள் மூச்சிரைக்க. “முப்பது தாண்டியாச்சு. பதினொரு வருஷமா பார்க்கிறேன், முப்பது தாண்டினவங்க ஒருத்தர்கூட ஆறாம் கட்டத்துக்குப் போனதில்ல. இனி பயமில்ல. நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க, கடையைத் திறங்க.”

மூடிய கோப்பில் யார் போய்ச் சாவைச் சேர்ப்பார்கள் என்பது அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணி அவள் சொன்னதை நம்பினாள். புள்ளிவிவர அலுவலகத்தில் இருப்பவளுக்குத் தெரியாததா? இரண்டு நாளில் கடையைத் திறந்தாள். மாலையில் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். நான்கு அடி நடந்தார். நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தார். காலிலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி ஒன்று நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அண்ணி யாருக்கோ வீட்டுப் பத்திரம் நகலெடுத்துக்கொண்டிருந்தாள். கட்டெறும்பு வேறொரு படிவத்தில் வேறொருவருடைய வயதைத் திருத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்தில் யாரும் இல்லை.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“உங்க ஆபீஸ்ல எழுதி வச்ச தேதி அவர் உடம்புக்கு எப்படித் தெரியும்?”

அதற்குப் பிறகு ஏழு மாதம் பேசவில்லை. ஒரே வீட்டில் கீழே ஒருத்தி, மேலே ஒருத்தி.

கட்டெறும்பு வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். “எங்க அண்ணனை ஏழுலருந்து ஆறுக்கு மாத்தணும் சார்.”

“கோப்பு மூடியாச்சேம்மா. நீங்கதானே முத்திரை குத்தினீங்க.”

“நான் குத்தினது தப்பு. திறங்க.”

“விதி இருக்குல்ல? அதுவுமில்லாம சான்றிதழ்ல என்ன போட்டிருக்கு? நுரையீரல் அடைப்பு. குண்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா?”

“குண்டு இல்லாம பதினாலு ஆணி அவர் கால்ல எப்படி சார் வந்துச்சு? வழியில பொறுக்கிக்கிட்டாரா?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் வருத்தம்தான். ஆனா நம்ம வேலை எண்ணுறது, அழுறது இல்ல.”

“எண்ணத்தான் சார் சொல்றேன். நீங்கதான் எண்ணமாட்டேங்கறீங்க.”

அந்த மாதம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து போன வருடத்து ஆண்டறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் வழவழப்பான காகிதத்தில் ஒரு வரைபடம். கோடு அழகாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தாக்குதல்கள் குறைகின்றன, உயிரிழப்பு அதைவிட வேகமாகக் குறைகிறது என்று மேலிடத்துப் பெரிய மனிதர் முன்னுரையில் தம்மைத் தாமே தட்டிக்கொடுத்திருந்தார். கட்டெறும்பு அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். அடுத்த வருடம் அது இன்னும் நீளும்போது அதில் எங்கோ ஓர் இடத்தில் அண்ணன் சாகாமல் இருப்பார். அவரைப் போல ஏற்கெனவே அதில் எத்தனை பேர்?

பதிவறைக்காரரிடம் போனாள். “கடைசி எட்டு வருஷத்து நீலக் கோப்பு எல்லாம் வேணும்.”

“எறும்பு, கோப்பு வெளிய போனா என் தலை போயிடும்.”

“இங்கேயே உக்காந்து எழுதிக்கிறேன்.”

“அப்ப தலை தப்பிச்சது. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. டீ சொல்லவா?”

மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதினாள். எட்டு வருடம், பதினான்கு தாக்குதல். ஆறாம் கட்டத்தில் நூற்று இருபத்தொரு பேர். ஏழாம் கட்டத்தில் ஐந்நூற்றுப் பதினேழு. அந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் முகவரிகளைத் தெருவாரியாகப் பிரித்து, ஞாயிறுகளிலும் அலுவலகம் விட்ட பிறகும் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டத் தொடங்கினாள்.

சிலர் வீடு மாறியிருந்தார்கள். சிலர் முகத்திலடித்தாற்போலக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் வலது கை இல்லாத பெண் இடது கையால் கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“செத்துட்டேனான்னு பார்க்க வந்தீங்களா? இன்னும் இல்லைங்க. அவனுங்களுக்கு அந்தச் சந்தோஷத்தை அவ்வளவு சீக்கிரம் கொடுக்கமாட்டேன். அடுத்த வருஷமும் வாங்க, டீ தர்றேன்.”

வேறொரு தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டார். அவர் மனைவி சந்தைக் குண்டுவெடிப்பில் அடிபட்டு ஐம்பதாம் நாள் போய்ச் சேர்ந்தவள்.

“நாலு வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா உங்க ஆபீஸுக்கு?”

“ஆபீஸுக்குத் தோணல. எனக்குத் தோணுச்சு.”

அவர் லென்ஸைக் கழற்றினார். “அப்ப எழுதிக்கோம்மா. அவ காயப்பட்டவ இல்ல. அவளைக் கொன்னாங்க. அப்படியே எழுது.”

வீடு வீடாகக் கேட்டு நிரப்பும் கேள்வித்தாளின் நகல்களை அவள் அண்ணியின் கடையில் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு போவாள்? மூன்று தெரு தள்ளி ஒரு கடையில் எடுத்தாள். அங்கே மெஷின் பழையது, எழுத்தெல்லாம் புகை படிந்தாற்போல வந்தது. ஒரு நாள் அவள் பையிலிருந்து ஒரு தாள் படிக்கட்டில் விழுந்துவிட்டது. மறுநாள் காலை அண்ணி அந்தத் தாளோடு மாடியேறி வந்தாள்.

“இதை எவன் எடுத்தான்?”

கட்டெறும்பு தாளை வாங்கக் கையை நீட்டினாள்.

“உன்னைத்தான் கேக்கிறேன். எழுத்து அரையும் குறையுமா இருக்கு. செத்தவங்களைப் பத்தி விசாரிக்கப் போற காகிதம் இப்படியா இருக்கும்? போய் மூலத்தைக் கொண்டா.”

ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. கடைக்குப் போய் மெஷினைச் சூடேற்றி, நானூறு நகல் எடுத்து, விளிம்பு தட்டி அடுக்கிக் கொடுத்தாள் அண்ணி. அடுத்த ஞாயிறு, “ஒருத்தியா போகாதே,” என்று தானும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வழியில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். பார்வை போன ஓர் இளைஞர் மூன்றாம் வருடத்தில் சாப்பிடுவதையே நிறுத்திக்கொண்டு இறந்திருந்தார். அவரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றாள் அண்ணி. கட்டெறும்பு ஒப்பவில்லை. “டாக்டர் காகிதம் இல்லாம ஒரு பேரைச் சேர்த்தாலும் மொத்தத்தையும் குப்பையில போட்டுடுவாங்க அண்ணி.” “உன் ஆபீஸ் புத்தி உன்னை விட்டுப் போகாது,” என்றாள் அண்ணி. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் நின்றது. இன்றும் நிற்கிறது.

முன்னூற்று எண்பத்தெட்டுப் பேரின் விவரம் கிடைத்தது. முப்பது நாளுக்குப் பிறகு அந்தக் காயத்தாலேயே இறந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டெறும்பு கடையின் கண்ணாடி மேசைமீது தாளைப் பரப்பி, எட்டு வருடத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தாள். முதல் நான்கு வருடத்தில் அப்படி இறந்தவர்கள் ஐந்து பேர். பின் நான்கு வருடத்தில் இருபத்தாறு பேர்.

“ஏன் இப்படிக் கூடிப்போச்சு?” என்றாள் அண்ணி.

“ஆஸ்பத்திரி நல்லாயிருச்சு அண்ணி. முன்னாடி அடிபட்டவங்க அன்னைக்கோ மறுநாளோ செத்துடுவாங்க. இப்ப நாற்பது நாள், எண்பது நாள், ஒரு வருஷம் உயிரைப் பிடிச்சு வைக்கிறாங்க. நாங்க முப்பதுல கதவைச் சாத்திடறோம்.” பென்சிலால் கணக்குப் போட்டாள். ஆறாம் கட்டத்தின்படி இந்த மாவட்டத்தில் சாவு எழுபத்து நான்கிலிருந்து நாற்பத்தேழாக இறங்கியிருந்தது. நூற்றுக்கு முப்பத்தாறு குறைவு. விடுபட்டவர்களையும் சேர்த்தால் எழுபத்தொன்பதிலிருந்து எழுபத்து மூன்று. நூற்றுக்கு எட்டுகூட இல்லை. “சாவு பெருசா குறையல. தள்ளிப்போயிருக்கு. தள்ளிப்போனதைத்தான் குறைஞ்சதுன்னு படம் போட்டுக் காட்டுறாங்க.”

இனி இதை அச்சில் ஏற்றவேண்டும். அண்ணன் ஆறாம் கட்டத்துக்குப் போகமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பதினொரு வருடம் விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதன் சந்து பொந்தும் தெரியும். எந்த எண்ணுக்கும் விளக்கம் தேவைப்பட்டால் தொகுப்பவர் அடிக்குறிப்பு சேர்க்கலாம் என்று ஒரு விதி. சேர்த்த அடிக்குறிப்பை நீக்கவேண்டுமானால் அதிகாரி எழுத்துமூலம் காரணம் சொல்லிக் கையெழுத்திட வேண்டும் என்று அதற்கடுத்த விதி.

அந்த வருடத்து அட்டவணையில் ரயில் நிலையச் சம்பவத்தின் கீழே தட்டச்சு செய்தாள்: ‘காயமடைந்தோராகப் பதிவான 64 பேரில் 7 பேர், 31ஆம் நாள் முதல் 212ஆம் நாள் வரையிலான காலத்தில், இதே காயங்களால் இறந்தனர்.’ முந்தைய சம்பவங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போட்டாள். பின்னிணைப்பாக மருத்துவமனைக் காகிதங்களின் நகல்கள், ஒரு கட்டு.

தலைமை அலுவலகம் முதல் தடவை சிவப்புப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பியது. அவள் அப்படியே மறுபடி அனுப்பினாள். இரண்டாம் தடவை ‘தேவையற்ற விவரம்’ என்று ஒரு துண்டுச்சீட்டு வந்தது. ‘விவரம் தவறா? தவறெனில் எது என்று சுட்டவும்’ என்று பதில் எழுதி மறுபடி அனுப்பினாள். மூன்றாம் தடவை அதிகாரிக்கே போன் வந்தது. அவர் எழுந்து நின்று பேசினார். வைக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஏம்மா, என்னை நிம்மதியா ஓய்வுபெற விடமாட்டீங்களா? எடுத்துடுங்க.”

“எடுத்துடறேன் சார். இந்தத் தாள்ல காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“என்ன காரணம் எழுதறது?”

“இந்த ஏழு பேரும் சாகலைன்னு எழுதுங்க. இல்ல, வேற எதனாலயோ செத்தாங்கன்னு எழுதுங்க. நீங்க எழுதினா நான் எடுத்துடறேன்.”

முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் எதையும் எழுத்தில் கொடுக்காமலே ஓட்டிய மனிதர் அவர். பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“போங்கம்மா. நான் எதையும் பார்க்கல.”

நான்காம் தடவை அட்டவணை அடிக்குறிப்போடு போனது, அடிக்குறிப்போடு அச்சானது. எறும்புகூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்கவேண்டும் என்கிற அளவுக்குப் பொடி எழுத்து. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “இதுல அவர் எங்க இருக்கார்?”

“அந்த ஏழுல, அண்ணி.”

அண்ணி புத்தகத்தைக் கவிழ்த்து மெஷின் கண்ணாடிமேல் வைத்தாள். இரண்டு மடங்கு பெரிதாக்கினாள். வந்த தாளை மறுபடி வைத்து இன்னும் இரண்டு மடங்கு. மறுபடி, மறுபடி. கடைசியில் ஒரு முழுத்தாளில் கன்னங்கரேலென்று ஒரே ஒரு ‘7’ மட்டும் வந்து விழுந்தது, ஓரமெல்லாம் பொரிப்பொரியாக. அதைக் கடையின் முன்கண்ணாடியில் தெருவைப் பார்த்து ஒட்டினாள்.

“என்னக்கா, இனிமே ஏழு மணிக்குத்தான் கடை திறப்பீங்களா?” என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்.

“இல்ல. ஏழு பேர். உக்காருங்க, சொல்றேன்.”

கேட்ட ஒவ்வொருவருக்கும் சொன்னாள். வெயிலில் மங்கினால் புதிதாக ஒன்று எடுத்து ஒட்டினாள்.

அதே மாதத்தில் கட்டெறும்பை மழையளவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. நிர்வாகக் காரணம் என்றார்கள். பதிவறைக்காரர் அவளுடைய நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு கீழ்மாடிக்கு வந்தார்.

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல எறும்பு?”

“இருந்திருக்கலாம். அப்புறம் கண்ணாடியைப் பார்க்க முடியாதே. மழையும் நல்லதுதான் மாமா. முப்பது நாள் கழிச்சுப் பெஞ்சாலும் எண்ணிக்கலாம்.”

ஆறு மழைக்காலங்களை எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியும் அவளும் கதவு தட்டுவதை நிறுத்தவில்லை; தாக்குதல்களும் நிற்கவில்லையே. ஏழாம் வருடத்தில் ஒரு முற்பகலில், மழைமானியின் அளவுகளை ஏட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது.

‘அக்கா, வணக்கம். நீங்க என்னைப் பார்த்ததில்ல. தலைமை ஆபீஸ்ல படிவப் பிரிவுல இருக்கேன். உங்க அடிக்குறிப்பைப் பார்த்து ஒன்பது மாவட்டத்துல இதே மாதிரி போட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொண்ணா அடிச்சு அனுப்பி இங்க எல்லாரும் களைச்சுப்போயிட்டாங்க. இந்த வருஷம் படிவத்துல புதுக் கட்டம் ஒண்ணு சேர்த்திருக்காங்க: பின்னர் இறந்தோர். பழைய வருஷங்களையும் நிரப்பச் சொன்னாங்க. முதல்ல உங்க ரயில் நிலையத்தை எடுத்தேன். உங்க அண்ணனைக் காயமடைந்தோர்ல இருந்து எடுத்து அங்க மாத்தியாச்சு, இப்பதான், பத்து நிமிஷம் ஆச்சு. சொல்லணும்னு தோணுச்சு. ஆனா மொத்த உயிரிழப்புல மட்டும் இந்தக் கட்டத்தைக் கூட்டமாட்டேங்கறாங்க. அதைச் சொல்லி நான் ஒரு அடிக்குறிப்பு போட்டிருக்கேன். ஒரு தடவைதான் திருப்பி அனுப்பியிருக்காங்க.’